டாரன்டோவுக்கு 25 ஆண்டு முன்னால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், இத்தாலியின் டாரன்டோ துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பல்களை பிரிட்டிஷ் விமானங்கள் அடித்த 1940 தாக்குதல் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் விமானம் டார்பிடோ (தண்ணீருக்குள் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு) போட்டுக் கப்பலை அடித்தது அதுதான் முதல் முறை என்று எழுதியிருப்பது சரியல்ல. முதல் உலகப்போரில், துருக்கியின் டார்டனெல்ஸ் ஜலசந்திக்காக பிரிட்டன் நடத்திய போரில், 1915 ஆகஸ்ட் 12 அன்றே அது நடந்துவிட்டது. அந்தக் கடல் விமானத்தைச் சுமந்து போன கப்பலின் பெயர் 'பென்-மை-க்ரீ'.

அது போருக்காகக் கட்டிய கப்பல் அல்ல. பிரிட்டனுக்குப் பக்கத்தில் உள்ள மான் தீவுக்கு (Isle of Man) பயணிகளை ஏற்றிப்போக 1908ல் ஓட ஆரம்பித்தது. வேகம் மணிக்கு 24 கடல் மைலுக்கு மேல். அந்த வேகத்துக்காகவே பிரிட்டிஷ் கடற்படை 1915ல் வாடகைக்கு எடுத்து, பின்பக்கம் விமானக் கொட்டகை கட்டியது. விமானத்தை டெரிக்கில் (கப்பலில் உள்ள பாரந்தூக்கி) தூக்கித் தண்ணீரில் இறக்குவார்கள். திரும்பி வந்ததும் அப்படியே தூக்கி ஏற்றுவார்கள். நான் 31 வருடம் சரக்குக் கப்பல் எஞ்சின் ரூமில் இருந்தவன். கப்பல் உருளும்போது டெரிக்கில் தொங்கும் இரும்புச் சரக்கே என்ன ஆட்டம் ஆடும் என்று பார்த்திருக்கிறேன். மரச்சட்டமும் துணியுமாக இருந்த விமானத்தை எப்படித்தான் சமாளித்தார்களோ!

டார்பிடோவைக் கட்டிவிட்டால் அந்த ஷார்ட் 184 விமானம் மேலே எழும்புவதே பெரும்பாடு. எட்மண்ட்ஸ் என்ற விமானி, கூட வரவேண்டியவரை விட்டுவிட்டு, பெட்ரோலையும் குறைத்துக்கொண்டு தனியாகப் போனார். அன்று அவர் அடித்தது ஏற்கனவே நீர்மூழ்கியிடம் அடிபட்டுத் தரைதட்டி நின்ற கப்பல் என்பார்கள். சரி, இருக்கட்டும். ஐந்து நாள் கழித்து இன்னொரு கப்பலையும் அடித்தாரே! அதே நாளில் டாக்ரே என்பவர் எஞ்சின் கோளாறால் கடலில் இறங்கிவிட்டார். தண்ணீரிலேயே ஓட்டிக்கொண்டு போய் ஓர் இழுவைப் படகின் மேல் டார்பிடோவை விட்டார். பாரம் குறைந்ததும் விமானம் எழும்பிவிட்டது. எஞ்சினோடு மல்லுக்கட்டிய எனக்கு இந்தக் கதைதான் ரொம்பப் பிடிக்கும்.

1917 ஜனவரி 11 அன்று, துருக்கிக் கரையோரம் உள்ள காஸ்டெலோரிசோ தீவுத் துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருந்தபோது பென்-மை-க்ரீ துருக்கிப் பீரங்கிகளிடம் சிக்கியது. எதிரிக் கரை இரண்டே கிலோமீட்டர். அங்கே போய் நின்றது என்ன துணிச்சலோ. கொட்டகையில் பெட்ரோல் பற்றிக்கொண்டது. கப்பல் போனாலும் ஆள் யாரும் சாகவில்லை. 1920ல் மேலே தூக்கி, 1923ல் வெனிஸில் உடைத்தார்கள்.

மான் தீவு மொழியில் அதன் பெயருக்கு 'என் நெஞ்சுக்கு உரியவள்' என்று பொருள். போருக்கு முன் அதை ஓட்டிய அதே கம்பெனிக்காக 1998ல் கட்டிய கப்பலுக்கும் இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்,
தூத்துக்குடி.