வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: ஆங்கிலக் கவிதையில் அறிவும் உணர்ச்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவின்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தும் ஒரே பொருளுக்கு ஒதுக்கப்பட்டன. ஆங்கிலக் கவிதையில் அறிவுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவே அப்பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு அறிவின் காலம் என்றும், அதன்பின் எழுந்த ரொமாண்டிக் இயக்கம் உணர்ச்சியின் காலம் என்றும் கல்லூரிக் குறிப்பேடுகளில் எழுதிப் படித்தவர்கள் நம்மில் பலர். கவிதைகளை மூலத்திலேயே வரிவரியாகப் படித்த பின்பு அந்தப் பிரிவினையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆண்டின் தொடக்கத்தில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கவிஞர் ஜான் டன்னை எடுத்துக்கொண்டோம். பிரிந்து செல்பவன் தன் துணைவியிடம் அழ வேண்டாம் என்று சொல்லும் அவருடைய விடைபெறும் கவிதையில், இருவர் உயிரும் கவராயத்தின் இரண்டு கால்களாகின்றன. நடுவில் ஊன்றிய கால் இடம் பெயர்வதில்லை. ஆயினும் மற்றது தொலைவில் சுற்றும்போது அதன் பக்கம் சாய்ந்து செவிகொடுக்கிறது, அது வீடு திரும்பும்போது நிமிர்கிறது. பிரான்சுக்குப் புறப்படுமுன் டன் தம் மனைவிக்குத் தந்தது இக்கவிதை என்று அவர் வரலாற்றை எழுதிய ஐசக் வால்டன் கூறுகிறார். இந்த ஒப்புமையில் விஞ்சி நிற்பது அபத்தமா, சாமர்த்தியமா என்று பதினெட்டாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் சாமுவேல் ஜான்சன் ஐயப்பட்டார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான நம் உறுப்பினர் ஒருவர் அன்று கவராயம் ஒன்றைக் கொண்டுவந்து, வட்டம் பெரிதாகப் பெரிதாக ஊன்றிய காலின் சாய்வும் கூடுவதைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். வட்டத்தைச் சுற்றி முடிப்பதும் கால்களை ஒன்றாக மூடுவதும் வெவ்வேறு செயல்கள் என்பதையும், டன் இரண்டையும் ஒரே படிமத்தில் சேர்த்துவிட்டதையும் அவரே சுட்டினார். கணக்கில் அது இசையாதுதான். ஆனால் திரும்பி வருவேன் என்று மனைவிக்குச் சொல்ல வேண்டிய வாக்கு, கணக்கு இசையாத அந்த இடத்தில்தான் இருக்கிறது.

டன்னையும் அவர் வழிக் கவிஞர்களையும் பற்றி, கவிஞரும் திறனாய்வாளருமான டி. எஸ். எலியட் 1921இல் எழுதிய கட்டுரையை அடுத்துப் படித்தோம். டன்னுக்குச் சிந்தனையே ஓர் அனுபவமாக இருந்தது என்றும், பதினேழாம் நூற்றாண்டில் சிந்தனையும் உணர்வும் பிரிந்துபோயின, ஆங்கிலக் கவிதை அதிலிருந்து மீளவே இல்லை என்றும் அவர் வாதிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர்களான டென்னிசனும் பிரௌனிங்கும் சிந்திக்கிறார்கள், ஆனால் ரோஜாவின் மணத்தை நுகர்வதுபோலத் தம் சிந்தனையை உடனடியாக உணர்வதில்லை என்பது அவர் கூற்று. அதைச் சோதித்துப் பார்ப்பதாகவே எஞ்சிய மாதங்கள் அமைந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் அலெக்சாண்டர் போப்புக்கு ஒரு கூட்டமே கிடைத்தது. அறிவின் கவிஞர் என்று பெயர் பெற்ற அவர், வாழ்க்கைக் கடலில் அறிவு திசைகாட்டி, உணர்ச்சியே காற்று என்கிறார். காற்று இல்லையேல் கப்பல் நகராது என்பதை அவர் அறிந்தே எழுதியிருக்கிறார்.

ரொமாண்டிக் இயக்கத்தின் முன்னோடியான வேர்ட்ஸ்வொர்த்துக்கு மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. நல்ல கவிதை அனைத்தும் வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவது என்ற அவருடைய வாக்கியத்தை, அவர் தம் கவிதைத் தொகுப்புக்கு 1800இல் எழுதிய முன்னுரையிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே வாக்கியம் அத்துடன் முடியவில்லை. மிகுந்த உணர்திறன் உடையவராக இருப்பதோடு, நீண்ட காலம் ஆழ்ந்து சிந்தித்தவரே மதிப்புள்ள கவிதையைப் படைத்திருக்கிறார் என்று தொடர்கிறது. நம் சிந்தனைகள் நாம் முன்பு உணர்ந்தவற்றின் பிரதிநிதிகள் என்றும் அவர் உடனே விளக்குகிறார். முதல் பாதியை மட்டும் பாடமாக்கி, பின்பாதியை மாணவர்க்குக் காட்டாமல் விடுவது பெரும் பிழை என்று நான் கருதுகிறேன். கடுமையான அறிவுப் பயிற்சியில் வளர்ந்து, இருபது வயதில் வாழ்வின்மேல் பிடிப்பற்றுப்போன தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1828இல் இவர் கவிதைகளைப் படித்துத் தேறினார். தமக்கு மருந்தானது உணர்ச்சியின் நிறமேறிய சிந்தனை என்றே தம் தன்வரலாற்றில் குறித்தார்.

ரொமாண்டிக் கவிஞர் கீட்ஸின் 'லாமியா' என்ற கதைக்கவிதையைப் படித்த அன்று கருத்து ஒருமிக்கவில்லை. தத்துவம் (அக்காலத்தில் அறிவியலையும் குறித்த சொல்) வானவில்லின் இழையைப் பிரித்துவிடும் என்று எழுதியவர், மருத்துவம் பயின்று 1816இல் உரிமம் பெற்றவர் என்பதையும் சேர்த்தே அவரைப் படிக்க வேண்டும் என்று சிலர் வலியுறுத்தினர். அந்த விவாதம் முடிவு காணாமலே நின்றது.

இறுதியாக, டென்னிசன். அவருடைய நண்பர் ஆர்தர் ஹாலம் 1833இல் வியன்னாவில் திடீரென இறந்தார். அத்துயரை நான்கு நான்கு வரிகளாக ஏறத்தாழ 17 ஆண்டுகள் எழுதி, 1850இல் நீண்ட இரங்கற்பாவாக அவர் வெளியிட்டார். அந்த ஆண்டுகளில் பாறைகளையும் நில அடுக்குகளையும் ஆராய்ந்த லயலின் நிலவியல் நூலையும் அவர் படித்திருந்தார். ஒரு மனிதனின் சாவுக்கு அழுபவர், பாறை அடுக்குகளில் அழிந்து கிடக்கும் உயிரினங்களைக் காண்கிறார். ஆயிரம் இனங்கள் போயின, எதைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை என்று இயற்கையே பேசுகிறது. அறிவியல் இங்கே துயரத்தைத் தணிக்கவில்லை, பெருக்குகிறது. பின்னர் ஓரிடத்தில், உறைந்த அறிவை எதிர்த்து நெஞ்சம் சினங்கொண்டு எழுந்து, "நான் உணர்ந்தேன்" என்கிறது. நாங்கள் அங்கேயே நின்றுவிடப் பார்த்தோம். அடுத்த வரியிலேயே கவிஞர், இல்லை, அது அச்சத்தில் அழும் குழந்தையின் குரல் என்று தம்மைத் திருத்திக்கொள்கிறார். அழுதபடியே தந்தை அருகில் இருப்பதை அறியும் குழந்தை அது என்றும் சேர்க்கிறார். உணர்ச்சி உச்சத்தில் நிற்கும்போதே தன்னை ஆராய்ந்துகொள்ளும் இவ்விடத்தைப் படித்தவர்கள், டென்னிசனைப் பற்றிய எலியட்டின் 1921ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஏற்க முடியாது. எலியட்டும் பிற்காலத்தில் இந்நூலை, அதன் ஐயத்தின் தன்மைக்காகவே பெரிதும் மதித்தார்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். கவிதைப் படிகளை அச்சிட்டு வழங்கிய அன்பர்களுக்கும், கூட்டங்களுக்கு இடம் தந்த நூலகத்தாருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி. வரும் ஆண்டில் இதே பொருளைத் தொடர்ந்து, பிரௌனிங்கையும் ஹாப்கின்ஸையும் படிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்