அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நம் சங்கக் குடும்பங்களிலும் பள்ளியில் '504 பிளான்' என்ற சிறப்பு உதவித் திட்டம் வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். சர்க்கரை நோயுள்ள பிள்ளை வகுப்பு நடுவே இன்சுலின் போட்டுக்கொள்வதும், கவனக் குறைபாடுள்ள பிள்ளை தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதும் அதனால்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கதையை நம் மேடைகளில் நான் கேட்டதே இல்லை.

1973 மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு அது. ஃபெடரல் (மத்திய அரசு) பணம் வாங்கும் எந்த இடமும் குறைபாட்டைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. சட்டம் வந்தது, சரி. விதிமுறைகளில் கையெழுத்துப் போடாமல் அரசு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. அதிபர் கார்ட்டர் அரசின் சுகாதார, கல்வி, நலத்துறை அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோவும் விதிகளை மாற்றலாமா என்று யோசித்தபடி தள்ளிப்போட்டார்.

1977 ஏப்ரல் 5 அன்று, ஜூடி ஹியூமன், கிட்டி கோன் போன்ற மாற்றுத்திறனாளி உரிமைப் போராளிகள் முன்நிற்க, நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடைய தோழர்களும் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபெடரல் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்கள். இரவில் புரண்டு படுக்கவே இன்னொருவர் கை வேண்டியவர்களும் அங்கே தரையில் படுத்தார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலோரம் நின்று சைகை மொழியில் வெளியே சேதி சொன்னார்கள். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சியினர் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்தார்கள். எனக்கு இதில் மிகப் பெரிதாகத் தெரிவது அந்தச் சாப்பாடுதான். அது இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் யார் தாக்குப்பிடித்திருக்க முடியும்?

ஒரு குழு வாஷிங்டனுக்கே போய் அமைச்சரை நெருக்கியது. ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ கையெழுத்திட்டார். 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு அடித்தளம் அதுதான்.

நம்மில் பலருக்கு இந்நாட்டின் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் வந்ததே. பிறர் போராடிப் பெற்றதை அனுபவிக்கும் நாம், பொங்கல் விழாவோடும் பட்டிமன்றத்தோடும் நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள்: பள்ளி வாரியக் கூட்டங்களுக்குச் சங்கத்தின் பெயரால் ஆள் அனுப்புங்கள். 504 விதிகளை மாற்ற அரசு முன்வந்தால், பொதுமக்கள் கருத்துக்கான கெடு முடிவதற்குள் சங்கத்தின் கருத்தை எழுதி அனுப்புங்கள். மாற்றுத்திறனாளி அமைப்புகள் கூட்டம் நடத்தினால் சாப்பாட்டுப் பொறுப்பை நாம் ஏற்போம். இவை மூன்றையும் அடுத்த செயற்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருவர்