புதன்கிழமை மிஞ்சும் ரூபெல்லா ஊசி: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மாநிலத்தில் ஒரு பெண்ணின் தடுப்பூசிக் கணக்கு கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும் அன்றுதான் தொடங்குகிறது. டெட்டனஸ், டிப்தீரியாவைத் தடுக்கும் டி.டி. ஊசிக்கு அது போதும், ஜெர்மன் தட்டம்மை எனப்படும் ரூபெல்லாவுக்குப் போதாது. ரூபெல்லா ஊசி வீரியம் குறைத்த உயிர்க்கிருமித் தடுப்பூசி என்பதால் கர்ப்பம் தரித்தபின் போடுவதில்லை. நோயோ முதல் 12 வாரத்தில்தான் கருவை அதிகம் சிதைக்கிறது. தாய்க்கு லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு. குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. செவிலியர் பதிவேட்டைத் திறக்கும்போது காலம் கடந்திருக்கிறது.

2017 பிப்ரவரியில் இங்கே நடந்த எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) தடுப்பூசி முகாம் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டோருக்கானது. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலர் இப்போது குழந்தைக்குத் திட்டமிடுகிறார்கள். தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டவர்கள் தவிர மற்றவர்களை யாரும் கேட்கவில்லை.

மருந்து கைவசம் இருக்கிறது. புதன்கிழமை துணை சுகாதார நிலையத்தில் இரண்டு குழந்தைகளுக்காகப் பல டோஸ் குப்பி திறக்கப்படுகிறது. கரைத்த நான்கு மணி நேரத்துக்குள் தீராவிட்டால் மீதியைக் கொட்டித்தான் ஆக வேண்டும். தகுதியுள்ள தம்பதியர் (குழந்தை பெறும் வயதிலுள்ள தம்பதியர்) பதிவேட்டிலுள்ள பெண்களைக் குழந்தைகள் வரிசை முடிந்ததும் வரச் சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும். அளவு அதே 0.5 மில்லி, மேல்கையில் தோலுக்கடியில். குப்பியில் திறந்த நேரத்தை எழுதியிருக்கிறார்களா என்பதை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள்.

ஊசிக்கு முன் கடைசி மாதவிடாய் எப்போது என்று கேட்க வேண்டும். போட்டபின் 28 நாள் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். ஆணுறையைக் கையோடு கொடுத்தனுப்பலாம். நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கூடாது. அண்மையில் இரத்தம் ஏற்றியவர்களுக்குச் சில மாதம் தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் கர்ப்பிணிக்குப் போட்டுவிட்டால் கருவைக் கலைக்கச் சொல்லக் கூடாது. இந்த ஊசியால் குழந்தைக்கு ரூபெல்லா ஊனம் வந்ததாகப் பதிவே இல்லை. இந்த ஒரு வரியைச் செவிலியர் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள். ஆய்வக முடிவில் 'ரூபெல்லா ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்' என்று பார்த்துக் கலங்கும் குடும்பங்களுக்கும் சொல்லுங்கள்: அது பெரும்பாலும் பழைய தொற்றாலோ ஊசியாலோ வந்த பாதுகாப்பு.

கர்ப்பத்துக்கு முன் கவனிக்க வேண்டிய ஊசிகள் இன்னும் இரண்டு உண்டு. சின்னம்மை வராதவர்களுக்கு அதன் ஊசி இரண்டு முறை, குறைந்தது நான்கு வார இடைவெளியில்; அதற்கும் ஒரு மாதக் காத்திருப்பு உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான ஊசி அப்படியல்ல. 0, 1, 6 மாதக் கணக்கில் போடும்போது நடுவில் கர்ப்பமானாலும் தொடரலாம். ஆனால் அதை மேல்கையில்தான் போட வேண்டும், இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உருவாகாது. முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை செய்து, ஏற்கெனவே கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் விடுபடும் பெண்கள் இருப்பார்கள். பிரசவம் ஏறக்குறைய முழுவதுமே மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. வீட்டுக்கு அனுப்பும் நாளிலேயே பிரசவ வார்டில் எம்.ஆர். ஊசியைப் போட்டுவிடலாம், தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையில்லை. டிஸ்சார்ஜ் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் சேர்த்துத் தாருங்கள்.