இரண்டு கல், ஒரு போத்தல் வினாகிரி: ஒரு நன்றி மடல்

அன்புக்குரியவர்களுக்கு,

தரம் 4 பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துக் கண்டறியும் செயலட்டைகள், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்காக, ஒருவழியாக வகுப்புக்கு வந்துவிட்டன. எழுதியது நான்தான். ஆனால் நீங்கள் எல்லோரும் இல்லாமல் ஒரு அட்டைகூட நிறைவேறியிராது.

முதல் நன்றி கோப்பாயில் இருக்கும், ஓய்வுபெற்ற என் ரீச்சருக்கு. நான் கொண்டுபோன முதல் அட்டையின் தலைப்பு, "சுண்ணாம்புக்கல்லில் வினாகிரி பட்டால் நுரைக்கும்." ரீச்சர் அதைச் சிவப்புப் பேனையால் வெட்டினார். "விடையைத் தலைப்பிலயே சொல்லிப்போட்டு, பிள்ளை பிறகு எதைத் தேடுறது?" கண்டறிந்து கற்றல் பற்றி அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1961இல் எழுதியதை ஆசிரியர் கலாசாலையில் சோதனைக்காகப் பாடமாக்கியிருந்தேன். அது விளங்கியது அன்றைக்குத்தான். இப்போது அந்த அட்டையில், "இந்த இரண்டு கல்லும் ஒன்றா?" என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது.

உரும்பிராயில் கிணறு வெட்டும் ஐயாவுக்கும் நன்றி. சிப்பித் தடம் தெரிகிற சுண்ணாம்புக்கற்களாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒரு உரப்பை நிறையத் தந்தார். நம் யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு காலத்தில் கடலடியில் படிந்த கல் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறில்லை. கருங்கல் சல்லி தந்த மேசனுக்கும், காசைப் பிறகு தரச்சொன்ன அச்சகத்தாருக்கும், சத்தம் போட்டுப் படிக்க விட்ட அதிபருக்கும் நன்றி.

வகுப்பில் நடந்ததையும் சொல்லவேண்டும். வினாகிரிச் சொட்டு விழுந்ததும் சுண்ணாம்புக்கல் புசுபுசுவென்று நுரைத்தது. கருங்கல் அப்படியே கிடந்தது. முட்டைக்கோதிலும் நுரை வந்தது. அப்புறம் பின்வரிசை வாங்கிலிருந்த ஒரு மகள், "எங்கட கேத்திலுக்க வெள்ளையாப் படியுறதுக்கும் விட்டுப் பாப்பமா ரீச்சர்?" என்று கேட்டாள். அடுத்த நாள், அம்மா சுரண்டிக் கொடுத்ததென்று ஒரு கடதாசிச் சுருளை நீட்டினாள். உள்ளே ஒரு சிட்டிகைதான். சொட்டு விட்டதும் அதுவும் நுரைத்தது. பிள்ளை கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப, கிணத்துத் தண்ணிக்குள்ள கல் கரைஞ்சு கிடக்கோ?"

நான் விடை சொல்லவில்லை. சரி, தேடிப் பார்ப்போம் என்றேன். அந்தக் காலைநேரத்திலும் கேத்திலைச் சுரண்டித் தந்த அம்மாவுக்கு என் மனமார்ந்த நன்றி. அடுத்த அட்டையின் தலைப்பு உங்கள் மகள் கேட்ட அந்தக் கேள்விதான்.

அன்புடன்,
தரம் 4 வகுப்பாசிரியை,
யாழ்ப்பாணம்