தோட்டங்களை நாட்டுங்கள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஜெபம் பண்ணிக்கடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். வீட்டில் அடைபட்டு இதே கேள்வியோடு இருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அதனால்தான் உன்னிடம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

"என் வயசுப் பசங்க எல்லாம் வீடு கட்றாங்க. நான் அப்பாவுக்குத் துணி மாத்திக்கிட்டு இருக்கேன். இதுக்காக்கா நான் படிச்சேன்? ஆண்டவர் என்னை எதுக்கு இங்க வெச்சிருக்கார்?" என்று கேட்டாய். சென்னை வேலையை விட்டுவிட்டு நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேசி வைத்திருந்த சம்பந்தமும் கைவிட்டுப் போனது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "கர்த்தர் ஒரு நோக்கம் வெச்சிருப்பார் தம்பி" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். மன்னித்துக்கொள்.

உன் அப்பா, அதாவது என் சித்தப்பாவின் மாத்திரை டப்பாவில் நீ ஒட்டி வைத்திருக்கும் வாக்குத்தத்த வசன அட்டையைப் போன முறை வந்தபோது பார்த்தேன். எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' புது வருஷ ஆராதனையில் இந்த அட்டை கிடைத்தால் நமக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம்! ஆனால் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது தம்பி. கி.மு. 597-ல் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்கு முன்னால் நின்று சொல்கிறான். கேட்கத் தித்திப்பாக இருந்திருக்கும். எரேமியாவோ எழுபது வருஷம் என்று எழுதுகிறார். அந்த எழுபதைச் சொல்லிவிட்டுத்தான் பதினோராம் வசனம் வருகிறது.

அதற்கும் முன்னால், ஐந்தாம் வசனத்தில், யாரும் அட்டையில் அச்சடிக்காத ஒரு வார்த்தை இருக்கிறது: 'நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.' சொந்த ஊரில் இல்லை, சிறைப்பட்டுப் போன ஊரில்! அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணச் சொல்லி ஏழாம் வசனத்தில் வேறு எழுதுகிறார்.

இதை நான் வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். உங்கள் மாமாவின் கடை நொடித்து, வீட்டை விற்றுவிட்டு நாங்கள் பாண்டிக்கு வாடகை வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆறு மாதத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து நான்கு அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன். நான்கு வருஷம் அப்படியே கிடந்தன. வாசலில் ஒரு செம்பருத்திக் கிளைகூட ஊன்றவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் பெயரே எனக்கு மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது. ஒருநாள் மழைத் தண்ணீர் உள்ளே வந்தபோது பெட்டியைப் பிரித்தேன். அம்மா எனக்குக் கொடுத்த வேதாகமம் கரையான் அரித்து, ஓரமெல்லாம் பொடியாக உதிர்ந்தது. அந்த நான்கு வருஷமும் என் பெட்டியில் இருந்தது இந்த வேதாகமம்தான், நான் திறக்கவே இல்லை. அன்றைக்கு அழுத அழுகை இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அப்புறம் சித்தப்பா. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம்ம கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரை கடந்ததே, அன்று மத்தியானம் அவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களைத் தாண்டித் தாண்டி குள்ளஞ்சாவடி நிலத்துக்குப் போனார். தாத்தா வைத்த முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை. வேரோடு செம்மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்ந்து கிடந்தன. மறுநாள் ராத்திரி கரண்ட் இல்லாத கோவிலில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆராதனை நடந்தது. சித்தப்பா ஒரு பாட்டும் பாடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மௌனமும் ஜெபம்தான் என்று இன்றைக்கு எனக்குப் படுகிறது.

அடுத்த மழைக்கு விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒட்டுக்கன்று வாங்கி வந்து நட்டார். அப்போது அவருக்கு ஐம்பதுக்கு மேல். ஆடு கடிக்காமல் ஒவ்வொரு கன்றையும் சுற்றி முள் வைத்துக் கட்டினார். கோடையில் குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். நீ அப்போது பிளஸ் டூ பரீட்சை, காலேஜ் என்று ஓடிக்கொண்டிருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். இந்த பங்குனியில் நீ பழத்திலிருந்து திருகி எடுத்து வெயிலில் காய வைத்தாயே, அது அந்த மரங்களின் கொட்டைதான். அவர் மாத்திரைச் செலவில் பாதி அதிலிருந்து வருகிறது.

அழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 'மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்' என்று, அதாவது உள்ள நிலைமையில் திருப்தியாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்று, அப்போஸ்தலன் பவுல் பிலிப்பியருக்கு எழுதினது காவலில் இருந்துகொண்டு. கற்றுக்கொண்டேன் என்கிறார் பார், அவருக்கும் அது பிறவியிலேயே வந்துவிடவில்லை. இரண்டு வசனம் தாண்டி, 'நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது' என்றும் எழுதுகிறார். அவருக்கும் ஆள் துணை வேண்டியிருந்தது.

போன முறை வந்தபோது நீ சித்தப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவதைக் கதவோரம் நின்று பார்த்தேன். வாய் கோணின பக்கம் தோலை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பிடித்து, பிளேடு படாமல், மூச்சை அடக்கிக்கொண்டு செய்தாய். முடிந்ததும் கண்ணாடியைக் காட்டினாய். அவர் இடது கையால் உன் கன்னத்தைத் தொட்டார். நீ கேட்கிற நோக்கம் பிற்பாடு எங்கோ வரப்போகிறது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அது அன்றைக்கு அந்தத் திண்ணையிலேயே தெரிந்தது.

சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சித்தப்பா என் பொறுப்பு. சனிக்கிழமை நன்றாகத் தூங்கு, ஞாயிறு கோவிலுக்குப் போ. பிளேடு தீர்ந்துவிட்டது என்றாயே, வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
புதுச்சேரி