முதலில் என்ன செய்வீர்கள்?

அன்புள்ள சுடலை,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவைப் போன ஞாயிறு சந்தையில் பார்த்தேன். மூட்டுவலி குறையவில்லை, உன்மேல் உள்ள கோபமும் குறையவில்லை. கடிதம் எனக்கு எழுதாவிட்டால் போகிறது, அவர்களுக்காவது போன் செய்.

செய்தி இதுதான்: நான் ஏ பிளஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

அதே ஏ பிளஸ்தான். கணினி பழுதுபார்ப்பவர்களுக்காகக் காம்ப்டியா என்ற அமைப்பு 1993-இல் தொடங்கிய தேர்வு. நாம் ஹார்டுவேர் வகுப்பில் சேர்ந்தபோது மாஸ்டரின் மேசையில் அதன் தடித்த புத்தகம் ஒன்று இருந்ததே, மானிட்டருக்கு முட்டுக்கொடுத்து? அதை யாரும் திறந்து பார்த்ததில்லை. ஆல்பர்ட் மட்டும் ஒருமுறை திறந்தான், எதற்கென்று உனக்கே தெரியும். இப்போது இரண்டு தாள்கள். 2025 மார்ச்சில் வந்த புதிய பாடத்திட்டத்தில் 220-1201, 220-1202 என்று எண் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். 900-க்கு முதல் தாளில் 675, இரண்டாவதில் 700 எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து வாங்கிய சான்றிதழ் 3 ஆண்டுகள்தான் செல்லும். கேஸ் அடுப்பின் ரப்பர் குழாய்க்குக்கூட 5 ஆண்டுகள் கொடுக்கிறார்கள்.

எதற்கு இந்த வேலை என்று கேட்பாய். என் மைத்துனன் இருக்கும் நிறுவனத்தில் வீட்டிலிருந்தபடியே தொழில்நுட்ப உதவி செய்ய ஆள் எடுக்கிறார்கள். வெளிநாட்டு அலுவலகங்களுக்கு, இரவுப் பணி. என் கணினி பழுதுபார்க்கும் கடையைப் பற்றி எழுதி அனுப்பினேன். நேர்காணல் செய்த பையன், என் மகனைவிட இரண்டு வயது மூத்தவனாக இருப்பான், மிகுந்த மரியாதையோடு கேட்டுவிட்டு, "சான்றிதழ் ஏதாவது இருக்கிறதா சார்?" என்றான். இந்த ஊரில் பாதி ஷிப்பிங் அலுவலகங்களின் கணினிகளைத் திறந்து மூடிய கைகள் என்னுடையவை. அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பாடம் கடினமாக இல்லை, கேள்விகள்தான் கடினம். நான்கு விடைகளும் சரியாக இருக்கும். "முதலில் என்ன செய்வீர்கள்?" "அடுத்து என்ன செய்வீர்கள்?" "மிகப் பொருத்தமானது எது?" இந்த மூன்றில் ஒன்றைக் கேட்டுக் கழுத்தை அறுக்கிறார்கள். காலையிலிருந்து பிரிண்டர் அடிக்கவில்லை என்கிறார் ஒருவர். டிரைவரை மறுபடி நிறுவலாம், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்கலாம், கேபிளை மாற்றலாம், நேற்று முதல் என்ன மாறியது என்று அவரிடமே கேட்கலாம். என் கை தானாக ஸ்பூலருக்குப் போகிறது. புத்தகம் கையைத் தட்டிவிட்டு, "முதலில் கேள்" என்கிறது. அதன்படி ஆறு படிகள்: பிரச்சினையைக் கண்டுகொள், காரணத்தை ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டமிட்டுச் செய், எல்லாம் ஓடுகிறதா என்று சரிபார், நடந்ததை எழுதிவை.

கணினி எழுந்திருக்கவில்லை, தொடர்ந்து பீப் அடிக்கிறது என்று ஒரு கேள்வி. ராம் என்கிற நினைவகப் பலகையைக் கழற்றி, அந்தப் பொன் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினால் பத்தில் எட்டு எழுந்துவிடும். இந்த உப்புக்காற்றில் அது நமக்குத் தெரியாதா? நான்கு விடைகளில் ஒன்றிலும் ரப்பர் இல்லை! மகள்தான் என்னைக் கேள்வி கேட்டுப் பயிற்சி தருகிறாள். "அப்பா, இல்லாத விடையை எழுத முடியாது" என்றாள்.

உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையும் அப்படித்தான். நிலைமின்சாரம் நம் தோலுக்கு உறைக்க ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டுமாம். அதில் மிகச் சிறிய பங்கே சில சிப்புகளைக் கெடுத்துவிடும். இத்தனை காலம் நான் பட்டை கட்டியதில்லை, என்னால் ஒரு சிப்பும் செத்ததாகத் தெரியவில்லை. காரணம் நம் திறமை இல்லை, நம் ஊர்ப் புழுக்கம். ஈரக்காற்றில் அந்த மின்சாரம் சேர்வதே கடினம். நீ கனடாவில், எட்மண்டனில் முதல் குளிர்காலத்தில் கதவுக் கைப்பிடியைத் தொட்டு அலறியதாக எழுதினாயே, அந்த ஊருக்குத்தான் அந்த அத்தியாயம்.

ஆனால் லேசர் பிரிண்டர் பாடம் வந்தபோது, சுடலை, நான் இரவு ஒரு மணி வரை தூங்கவில்லை. ஏழு கட்டங்கள். பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றிக்கொள்வது முதல் கட்டம். பிறகு டிரம் என்கிற உருளைக்குச் சீரான எதிர்மின்னூட்டம். லேசர் பட்ட இடத்தில் மட்டும் அது குறைகிறது, அங்கே டோனர் மைத்தூள் ஒட்டுகிறது, தாள் அதை இழுத்துக்கொள்கிறது, ப்யூசர் சுட்டு உருக்கிப் பதிக்கிறது, கடைசியில் டிரம் துடைக்கப்படுகிறது. இதெல்லாம் கை அறிந்ததுதான். எழுத்து விரலோடு வந்தால் ப்யூசர், முந்தைய பக்கத்தின் நிழல் விழுந்தால் டிரம் என்று நானும் நீயும் மாஸ்டரிடம் கேட்டுப் பாடம் செய்தோம். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கரும்புள்ளி விழுந்தால் ஸ்கேலை வைத்து அந்த இடைவெளியை அள. எந்த உருளையின் சுற்றளவு அதுவோ, அதுதான் குற்றவாளி. மறுநாளே கடையில் கிடந்த ஒரு பழைய பிரிண்டரில் அளந்தேன். 75 மில்லிமீட்டர், டிரம்! கார்ட்ரிட்ஜைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன். பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

169.254 என்று தொடங்கும் நெட்வொர்க் முகவரி எண்ணும் இதே கதைதான். அது வந்தால் ரௌட்டரை அணைத்துப் போடு என்பது நம் வேதம். முகவரி கொடுக்க வேண்டிய டிஎச்சிபி பதில் சொல்லாததால் கணினி தனக்குத் தானே வைத்துக்கொண்ட முகவரி அது என்று இப்போதுதான் முழுதாகப் புரிகிறது.

தேர்வை வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் அறையை நான்கு பக்கமும் படம் பிடித்து அனுப்ப வேண்டும், யாரும் உள்ளே வரக்கூடாது, வாய்விட்டுப் படிக்கக்கூடாது. நான் முணுமுணுக்காமல் யோசித்ததை நீ என்றாவது பார்த்திருக்கிறாயா? அதற்கு நடுவில் அம்மா கதவைத் திறந்து, "காப்பி ஆறுதுடா" என்பாள். தேர்வு மையத்துக்கே போய்விடுகிறேன்.

இனிச் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு சிப் வேண்டும், பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலி வேண்டும். பாடத்தில் இது இரண்டு வரி. கடையில் இது ஒரு வரிசை. நாலாம் தலைமுறை ஐ5, நான் கையால் எஸ்எஸ்டி போட்டு 8 ஜிபி ராம் ஏற்றிக் கொடுத்தவை, நன்றாக ஓடுகிறவை. "என்ன கோளாறு?" என்று கேட்கிறார்கள். கோளாறு இல்லை, ஆனால் மாற்ற வேண்டியிருக்கும் என்று எந்த முகத்தோடு சொல்வது? லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றால், "டேலி ஓடுமா?" என்று கணக்கு மென்பொருளைப் பற்றியதுதான் அடுத்த கேள்வி. புது லேப்டாப்புகளில் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. கழற்ற ஒன்றும் இல்லை.

அதனால்தான் அந்த "முதலில் கேள்" என்னை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். இயந்திரம் கண்முன்னால் இல்லாதவனுக்காக எழுதப்பட்ட வரிசை அது. அவனால் தொட முடியாது, முகர முடியாது, மின்விசிறியின் சத்தத்தைக் கேட்க முடியாது. கேட்பது ஒன்றுதான் வழி. பாதியில் பணிநேரம் முடிந்தால் அடுத்தவன் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆகவே எழுதிவைக்க வேண்டும். அதில் தவறு சொல்ல முடியாது. எழுதிவைப்பதை நானும்தான் செய்கிறேன், ஒவ்வொரு கேபினட்டின் உள்மூடியிலும் மார்க்கரால். ஆனால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் சூடாகும் வாசனையை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது?

நீ அங்கே போன புதிதில் ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தாய். அதைப் பற்றி ஒரு வரிகூட நீ எழுதியதில்லை, நானும் துருவியதில்லை. இப்போது துருவுகிறேன். அழைப்பை இத்தனை நிமிடத்தில் முடி என்று நெருக்கினார்களா? மறுமுனையில் இருப்பவர் கத்தினால் என்ன செய்தாய்? டிக்கெட் என்கிற ஒரு புகார்ப் பதிவை மூடும்போது, ஒரு மெஷின் எழுந்து நிற்கும்போது நமக்கு வருமே, அது வந்ததா? ஏன் விட்டாய்? மழுப்பாமல் எழுது.

தேர்வு எழுதுவதற்கான வவுச்சர் இன்னும் வாங்கவில்லை. வாங்கினால் பணம் திரும்பாது. தேர்வை எப்படியும் எழுதுவேன், இந்தப் பிரிண்டர் அத்தியாயத்துக்காகவே எழுதுவேன். கடையை என்ன செய்வது என்பதுதான் உன் பதிலைப் பொறுத்து. வாடகை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, அதற்குள் எழுதிவிடு.

ஆல்பர்ட்டிடம் மூச்சுவிடாதே. எனக்கு முன்னால் அவன் எழுதித் தேறிவிடுவான்.

உன்,
ஜெபராஜ்
தூத்துக்குடி