அம்மிணிக்கு, வண்டி விஷயமாக

அன்புள்ள அம்மிணி,

போனில் இந்தப் பேச்சை எடுத்தால் பாதியிலேயே "பழகிடும்ப்பா" என்று முடித்துவிடுகிறாய், பக்கத்தில் குட்டி அழுகிறான், எனக்கும் அதற்கு மேல் சொல்ல வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். புது வண்டி, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற அந்த ஹைப்ரிட் கார் விஷயம்தான். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

தை மாதம் நீயும் மாப்பிள்ளையும் அந்தச் சாவியை என் கையில் கொடுத்தபோது உங்கம்மா அழுததை நீ பார்த்தாய். நான் தோப்புப் பக்கம் போய்விட்டேன், அதனால் என்னைப் பார்க்கவில்லை. நம் வீட்டில் ஷோரூமிலிருந்து நேராக வாசலுக்கு வந்த முதல் கார் அது. அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி கண்ணு. தையிலிருந்து சித்திரை வரைக்கும் வண்டியைப் பற்றி ஒரு குறையும் எனக்கு இல்லை. கோயம்புத்தூரில் அவிநாசி ரோட்டு நெரிசலில் சிக்னலுக்கு சிக்னல் எஞ்சின் அணைந்து பேட்டரியிலேயே நகர்கிறது, டேங்க்கை நிரப்பி நிரப்பிக் கணக்குப் போட்டதில் லிட்டருக்கு 24 கிலோமீட்டர் வந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியை மின்சாரமாக்கி பேட்டரிக்கே திருப்புகிற ஏற்பாடு இருக்கிறதே, 26 வருஷம் காற்றாலைக் காத்தாடியில் ஜெனரேட்டர் பார்த்தவனுக்கு அது பிடிக்காமல் போகுமா.

வைகாசி கடைசியில் மேற்கேயிருந்து மேல்காற்று இறங்கியது. அதிலிருந்துதான் எனக்கு இந்த வண்டியில் நிம்மதி இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை உடுமலைக்குப் போய் அம்மாவுக்குக் கண் காட்டிவிட்டு மத்தியானம் மூணு மணி வாக்கில் திரும்பினோம். குடிமங்கலம் நால்ரோடு தாண்டினால் இரண்டு பக்கமும் வெட்டவெளி, உனக்குத் தெரியும். வடக்கே பார்த்து வருகிறோம், காற்று இடது பக்கத்திலிருந்து அடிக்கிறது. ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடது பக்கம் பிடித்துக்கொண்டேதான் வந்தேன், அப்படிப் பிடித்தால்தான் வண்டி நேராக வருகிறது. முன்னால் ஒரு கறிக்கோழி லாரி, கூண்டு கூண்டாக அடுக்கி, இறகெல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே பறக்கிறது. எதிரே தூரத்தில் ஒரு கவர்மென்ட் பஸ், நிறைய இடம் இருந்தது, லாரியைத் தாண்டலாம் என்று ஏறினேன். லாரிக்குப் பக்கத்தில் போனதும் அது காற்றை மறைத்துவிட்டது, நான் இடது பக்கம் பிடித்திருந்த பிடிக்கு வண்டி லாரியைப் பார்த்துப் போனது. சட்டென்று நேராக்கினேன். அடுத்த நொடி லாரியின் மூக்கைத் தாண்டி வெளியே வந்தோம், காற்று மொத்தமும் ஒரே அடியாக இடது பக்கத்தில் விழுந்தது, வண்டியின் மூக்கு வலது பக்கம் திரும்பிவிட்டது. ஒரு முழம் இல்லை, ஒன்றரை முழம் இருக்கும். பஸ் டிரைவர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். 

அம்மா அப்போது ஒன்றும் பேசவில்லை. மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்த கையை வீட்டு வாசல் வரைக்கும் எடுக்கவில்லை. இறங்கி, செருப்பை விட்டுவிட்டு, "பிள்ளைங்க வந்தா இந்த வண்டியில கூட்டிட்டுப் போக வேண்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு வயதாகிவிட்டது, கை பழைய டீசல் காருக்குப் பழகிவிட்டது என்று நீ நினைக்கிறாய். நானும் அப்படி நினைத்துத்தான் சோதித்தேன். கன்ட்ரோல் ரூமில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார், அவரைக் கூப்பிட்டுக் காற்று எவ்வளவு என்று கேட்டேன், காத்தாடி உச்சியில் இருக்கிற கருவி நொடிக்கு 14 மீட்டர் காட்டுகிறது என்றார். மேலே 14 என்றால் தரையில் 9, 10 இருக்கும், நடுவில் வருகிற வீச்சு 15-ஐத் தொடும். அந்த நேரத்தில் முதலில் பழைய காரை எடுத்துக்கொண்டு நால்ரோட்டிலிருந்து வடக்கே எட்டு கிலோமீட்டர் ஓட்டினேன், 80-இல். தள்ளத்தான் செய்தது, ஆனால் மெதுவாகத் தள்ளியது, கை தானாகச் சரிசெய்துகொண்டது. அரை மணி நேரத்தில் புது வண்டியை எடுத்து அதே எட்டு கிலோமீட்டர், அதே 80. கை ஓயவே இல்லை. மறுநாள் உன் அத்தை மகனை ஓட்டச் சொன்னேன், அவன் டாக்ஸி ஓட்டுகிறவன், 26 வயது, கை பழகவில்லை என்று அவனைச் சொல்ல முடியாது. மூணு கிலோமீட்டரில் வேகத்தை 60-க்குக் குறைத்துவிட்டு "மாமா, இது வாலாட்டுதுங்" என்றான்.

பேட்டரி இருப்பதால் வண்டி கனம், கனமான வண்டியைக் காற்று அசைக்காது என்று மாப்பிள்ளை சொன்னாரல்லவா. அவரிடம் மரியாதையாகவே இதைச் சொல். கனம் எவ்வளவு என்பது ஒரு பாதிதான், அந்தக் கனம் எங்கே இருக்கிறது என்பது இன்னொரு பாதி. காத்தாடியின் மண்டை மேல் திசை காட்டுகிற சின்ன வால் ஒன்று இருக்கும், நீ சின்னப்பிள்ளையில் ஒன்றைக் கேட்டு அடம்பிடித்து நான் பழையது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தேன், நினைவிருக்கிறதா. அதன் தகடு அச்சுக்குப் பின்னால் இருப்பதால் காற்று தகட்டைப் பின்னே தள்ளி, மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பும். கார் அதற்கு நேர்மாறு. ஓடுகிற காரில் பக்கக்காற்றின் அழுத்தம் முன்பாதியில்தான் அதிகம் விழுகிறது. வண்டியின் கனத்துக்கு நடுப்புள்ளி எதுவோ அதற்கு முன்னால் காற்று தள்ளுவதால் மூக்கு காற்றோடு போகிறது. இதில் பேட்டரியைப் பின் சீட்டுக்கு அப்பால், டிக்கித் தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், அந்த நடுப்புள்ளி இன்னும் பின்னால் போய்விட்டது. கூடவே வண்டி உயரம். மைலேஜுக்காகப் போட்ட டயர், அது சுலபமாக உருளும், ஆனால் ரோட்டை இறுக்கிப் பிடிப்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஸ்டீயரிங் மோட்டாரில் இயங்குகிறது, பஞ்சு மாதிரி லேசாக இருக்கிறது, சக்கரம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கைக்கு ஒரு சேதியும் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் தனியாக வந்தால் தாங்கும். எல்லாம் ஒரே வண்டியில் வந்து, அந்த வண்டி நம் ஊரில் ஓடினால்?

நம் ஊர் சாதாரண இடம் இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, நம் பக்கம் வருகிற தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறது, ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ஓய்வதில்லை. அதனால்தான் பல்லடம், உடுமலை, பூளவாடி பக்கமெல்லாம் காத்தாடி நட்டு வைத்திருக்கிறார்கள். காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, பல்லடம் உடுமலை ரோடும், தாராபுரம் காங்கயம் ரோடும், கோயம்புத்தூர் பொள்ளாச்சி ரோடும் வடக்கு தெற்காகப் போகின்றன. அடிக்கிற அடியெல்லாம் பக்கவாட்டில்தான். பொள்ளாச்சி ரோட்டில் நிழலாக நின்ற மரங்களும் நாலுவழிச் சாலைக்குப் போய்விட்டன, காற்றை மறைக்க அங்கே இப்போது ஒன்றும் இல்லை, அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனது ஆறவில்லை.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நொடிக்கு 10 மீட்டர் காற்று இந்த உயரமான வண்டியின் பக்கத்தில் ஏறக்குறைய 35 கிலோ பாரத்துக்குத் தள்ளும். 15 மீட்டர் என்றால் 50 கிலோ என்று நினைப்பாய், இல்லை, 80 கிலோ. காற்று ஒன்றரை மடங்கு ஆனால் தள்ளுவது இரண்டேகால் மடங்கு ஆகும். இது நிற்கிற வண்டிக்கு. ஓடுகிறபோது வண்டியின் வேகமும் சேர்ந்துகொள்ளும், 80-இல் போகிறவனை 60-இல் போகிறவனைவிட அதிகமாகத்தான் தள்ளும்.

ஷோரூமுக்கு மூணு தடவை போனேன். முதல் தடவை "எல்லா உயரமான வண்டியும் அப்படித்தான் சார்" என்றார்கள். இரண்டாவது தடவை நானே டயர் காற்றைப் பார்க்கச் சொன்னேன். கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 33 போட்டிருக்கிறது, நாலு டயரிலும் 40 இருந்தது. யார்டில் நிற்கும்போது ஏற்றி வைத்த காற்றை டெலிவரி நாளில் யாரும் குறைக்கவில்லை, நானும் அன்றைக்கு மாலை போட்ட சந்தோஷத்தில் பார்க்கவில்லை. 33-க்குக் கொண்டுவந்து, வீல் அலைன்மென்டும் பார்த்த பிறகு கொஞ்சம் தேவலை. கொஞ்சம்தான். மூணாவது தடவை ஒரு பையனை என்னோடு அனுப்பினார்கள், அவன் ஊருக்குள்ளேயே 40-இல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டி நன்றாக இருக்கிறது என்றான். தம்பி, குடிமங்கலத்துக்கு வா, மத்தியானம் மூணு மணிக்கு வா என்றேன். வரவில்லை. விற்கிறபோது மைலேஜ் சொன்னார்கள், கூரைக் கண்ணாடி திறப்பதைக் காட்டினார்கள், திரையில் எந்த நேரத்தில் பேட்டரி ஓடுகிறது எந்த நேரத்தில் பெட்ரோல் ஓடுகிறது என்று அம்பு போட்டுக் காட்டினார்கள். காத்தாடிகளுக்கு நடுவில் கடை வைத்துக்கொண்டு ஒரு ஆள்கூட காற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபம் இதில்தான். எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரும் வரைக்கும் விடமாட்டேன்.

வண்டியை விற்கப் போவதில்லை, பயப்படாதே. நீ கொடுத்தது, அது நம் வாசலில் இருக்கும். டவுனுக்கு அதைத்தான் எடுப்பேன். ஐப்பசி பிறந்து காற்று அடங்கிய பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம். புரட்டாசி முடியும் வரைக்கும் வெட்டவெளி ரோட்டுக்குப் பழைய கார்தான். டயர் மாற்றினால் இன்னும் சரியாகும் என்று அத்தை மகன் சொல்கிறான், விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அதற்குப் பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே, என்னிடம் இருக்கிறது.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். "ஆடி 18-க்கு வருகிறோம், விமான நிலையத்திலிருந்து நானே அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறேன், மறுநாள் எல்லோரும் கொடுமுடிக்குப் போகலாம்" என்று சொன்னாய். சாயங்கால ஃப்ளைட் என்றாய். சூலூர், பல்லடம் தாண்டித் தெற்கே திரும்பினால் காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும், இடது பக்கம் மண் ஓரத்துக்குத் தள்ளும், இருட்டு வேறு, பின் சீட்டில் குட்டி. பூனாவில் நீ நன்றாக ஓட்டுகிறாய், எனக்குத் தெரியும், உனக்கு ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். ஆனால் இந்த வண்டியை இந்தக் காற்றில் நீ இன்னும் ஓட்டியதில்லை. கொடுமுடிக்குப் போய் வந்த மறுநாள் மத்தியானம் குட்டியை அம்மாவிடம் விட்டுவிட்டு நீயும் நானும் மட்டும் நால்ரோடு வரைக்கும் போய் வருவோம். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன். 60-க்கு மேல் போகாதே, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருக்கட்டும், லாரியைத் தாண்டினால் வெளியே வரும்போது ஒரு அடி விழும் என்று எதிர்பார்த்து வா. ஓட்டிப் பார்த்துவிட்டு நீயும் "பழகிடும்ப்பா" என்று சொன்னால் அப்புறம் நான் வாய் திறக்க மாட்டேன். மாப்பிள்ளையும் அங்கே இதே வண்டியை புக் செய்யலாம் என்கிறார் என்று அம்மா சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, காற்று அடிக்கிற நாளில் திறந்தவெளி ரோட்டில் 80-இல் ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல். 

நம் பக்கம் காற்று பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் வேகம் பிடிக்கும், விடியற்காலையில் அடங்கியிருக்கும். அதனால் அந்தச் சாயங்கால டிக்கெட்டை மாற்றிவிட்டுக் காலையில் முதல் ஃப்ளைட்டாகப் பார்த்துப் போடு. நான் பழைய காரை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்கே அங்கே வந்து நிற்கிறேன். குட்டிக்கு அம்மா கச்சாயம் சுட்டு வைக்கிறாளாம், வருகிற வழியிலேயே கொடுக்கலாம்.

அப்பா